வெப்சைட்டுக்கு இடம் பார்த்த நாளில் கோமதி

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை அம்மனுக்குச் சந்தனம் உரைத்துக்கொண்டிருந்தபோது கூடத்தில் தொலைபேசி அடித்தது. பூஜை நேரத்தில் நான் எழுந்திருக்க மாட்டேன் என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். என் கணவர்தான் எடுத்தார். கொஞ்ச நேரம் "ம், ம்" என்று கேட்டுக்கொண்டிருந்தவர் பூஜை அறை வாசலில் வந்து நின்றார். "கோமதி தவறிருச்சாம்" என்றார். கம்பத்தில் விடியற்காலை நெஞ்சுவலி வந்திருக்கிறது. தேனி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரும் வழியில், கார் சின்னமனூரைத் தாண்டுவதற்குள் முடிந்துவிட்டது. முப்பத்தெட்டு வயது. அவள் மகள் இந்த வருஷம் பத்தாவது.

எனக்கு முதலில் தோன்றியதை எழுதிவிடுகிறேன். அழுகை பிறகுதான் வந்தது. மஞ்சள் குங்குமத்தோடு போய்விட்டாளே, அதுவும் எனக்கு முன்னால், என்றுதான் முதலில் தோன்றியது. பத்து வருஷத்துக்கும் மேலாக நான் செவ்வாயும் வெள்ளியும் விரதமிருந்து அம்மனிடம் கேட்டுவருகிற வரம் அது. விரதம் என்று சொல்லிவிட்டுப் பதினோரு மணிக்கே இட்லி தின்றுவிடுகிற கோமதி, கேட்காமலே வாங்கிக்கொண்டு போய்விட்டாள். அந்த நினைப்பு வந்ததற்காக அம்மன் முன்னால் தோப்புக்கரணம் போட்டேன். போட்ட பிறகும் நினைப்பு போகவில்லை.

நம் விளக்குபூஜைக் குழுவின் ஆண்டு மலருக்குக் கோமதியைப் பற்றி எழுதித்தரச் சொன்னீர்கள். ஓரகத்தி என்ற முறையில், பதினாலு வருஷம் ஒரே அடுப்பில் அவளோடு சமைத்தவள் என்பதால் என்னைக் கேட்டிருப்பீர்கள். எனக்கு அவள் மேல் பொறாமை இருந்தது. அது உங்களில் சிலருக்குத் தெரியும், சிலர் அதைச் சொல்லிச் சிரித்ததும் எனக்குத் தெரியும். அதை விட்டுவிட்டு எழுத உட்கார்ந்தேன். நாலு வரிக்கு மேல் ஓடவில்லை. அதனால் இருந்தபடியே எழுதுகிறேன்.

எங்கள் வீடு போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்கிற வீடு. என் கணவரும் அவர் தம்பியும் சேர்ந்து கடை நடத்தினார்கள். நான் கெங்குவார்பட்டியிலிருந்து மூத்தவருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. மிச்சப் படிப்பைக் கடைக்கு வருகிற பழைய பேப்பரிலும் ஒரு இங்கிலீஷ் அகராதியிலும் நானே படித்துக்கொண்டேன். கடைக் கணக்கு வீட்டுக்கு வந்து, நான் ஒரு தடவை கூட்டிச் சரி பார்த்த பிறகுதான் பேரேட்டில் ஏறும். "மூத்தவ சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்று என் மாமனார் வெளியாட்களிடம் சொல்வதைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டிருக்கிறேன். நகை நட்டு எதுவும் அந்தப் பேச்சுக்கு ஈடாகாது எனக்கு.

ஏழு வருஷம் கழித்துச் சின்னவருக்குக் கம்பத்திலிருந்து கோமதி வந்தாள். பத்தாவது ஃபெயில். பெண் பார்க்கப் போனவர்களிடம் அவளே அதைச் சொல்லி, "கணக்குல பதிமூணு மார்க்கு" என்று சிரித்தாளாம். அவள் அப்பா குமுளிச் சந்தைக்குக் காய்கறி ஏற்றிக்கொண்டு போய் விற்றவர். சின்ன வயதிலேயே அவரோடு மலை ஏறி இறங்கியதால் மலையாளம் அவளுக்குத் தண்ணி பட்ட பாடு. கேரளப் பக்கத்து ஏலத்தோட்டக்காரர்கள் கடைக்கு வந்தால் முன்பெல்லாம் காபி குடித்துவிட்டு என் மாமனாரிடம் பேசிப் போவார்கள். அவள் வந்த பிறகு, "கோமதி எவிடெ?" என்று கேட்டுக்கொண்டு உள்ளே எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

நம் குழுவில் அவளைச் சேர்த்தது நான்தான். ஒரு தை வெள்ளி உங்களுக்கு நினைவிருக்கும். விளக்குகள் எல்லாம் வரிசையாக வைத்தாகிவிட்டது. அவளைக் காணோம். நேரமாகிறது, ஏற்றிவிடலாம் என்றேன். "கோமதி வரட்டும்க்கா" என்றீர்கள். ஈரத் தலையோடு ஓடிவந்தாள். விளக்கு இருந்தது, எண்ணெய் இல்லை. "ஆத்தா, யாராச்சும் எண்ண ஊத்துங்கடி. யாரு வீட்டு எண்ணயின்னு சாமி மோந்தா பாக்கப் போகுது?" என்றாள். போற்றி சொல்லிக்கொண்டிருந்தவர்கள்கூடச் சிரித்துவிட்டார்கள். பக்கத்தில் இருந்தவள் நான் என்பதால் நான்தான் ஊற்றினேன். அன்று முதலில் அணைந்தது என் விளக்கு. அவளுக்கு ஊற்றியதால் எண்ணெய் குறைந்தது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அம்மன் பட்சபாதம் பார்க்கிறாள் என்றுதான் வீடு வரும்வரை நினைத்துக்கொண்டு வந்தேன்.

வெப்சைட் விஷயத்துக்கு வருகிறேன். அது உங்களுக்குப் பாதிதான் தெரியும். மறுபாதி தெரிந்தவர்கள் போன மாதம்வரை இரண்டே பேர். அதில் ஒருத்தி இப்போது இல்லை.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் வடக்கேயிருந்து ஒரு பெரிய வியாபாரி பேசும்போது, உங்கள் வெப்சைட் முகவரி என்ன என்று என் கணவரைக் கேட்டார். இல்லை என்று சொல்ல வெட்கப்பட்டு, வேலை நடக்கிறது என்று சொல்லிவிட்டார். தேனியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த ஒருவரை வரவழைத்தோம். அவர் கூடத்தில் உட்கார்ந்து விளக்கினார்.

"படம் போட்டு, எழுத்துப் போட்டு சைட்ட நான் செஞ்சு குடுத்துருவேன். அது உக்கார ஒரு எடம் வேணும்ணே. ஹோஸ்டிங்னு பேரு. வீட்டு வாடகை மாதிரி வருசத்துக்கு இவ்வளவுன்னு வாங்குவாக. கம்பெனி ஆயிரம் இருக்கு, ஒவ்வொருத்தன்ட்டயும் நாலு பிளான் இருக்கு. எது வேணும்னு நீங்க முடிவு பண்ணிருங்க. நாளைக்கு எதுனா ஆச்சுன்னா எந்தலையில விடியக்கூடாது."

என் கணவர் அவர் தந்த தாள்களை என் பக்கம் தள்ளினார். "நீ பாத்து ஒண்ணச் சொல்லு" என்றார். தம்பி எதிரே, கோமதி எதிரே சொன்னார். நான் தலையை ஆட்டிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். முகத்தில் சந்தோஷம் தெரிந்துவிடக்கூடாது என்றுதான்.

மூன்று வாரம் அதிலேயே கிடந்தேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருந்த பிரவுசிங் சென்டருக்குப் போய் ஒவ்வொரு கம்பெனியின் பிளானையும் தாளில் எடுத்து வந்து அகராதியை வைத்துக்கொண்டு படித்தேன். டிஸ்க் ஸ்பேஸ் என்பது சரக்கு அடைக்கிற கிட்டங்கியின் அளவு. பேண்ட்வித் என்பது அந்தக் கிட்டங்கி வாசலில் மாதத்துக்கு எத்தனை மூட்டை ஏறி இறங்கலாம் என்கிற வரம்பு. அப்டைம் என்பது கதவு எப்போதும் திறந்திருக்கும் என்று கம்பெனிக்காரன் தருகிற வாக்கு. இப்படி நானாக அர்த்தம் பண்ணிக்கொண்டேன். தேனிக்காரரிடம் சொன்னபோது, "நான் இனிமே மத்தவுகளுக்கும் இப்படியே சொல்றேன்க்கா" என்றார். நாலு கம்பெனிகளை நோட்டில் கட்டம் போட்டு ஒப்பிட்டேன். அமெரிக்கக் கம்பெனி ஒன்று எல்லாக் கட்டத்திலும் முன்னால் நின்றது. அன்லிமிடெட் என்று போட்டிருந்தான். கிட்டங்கிக்கும் அளவில்லை, வாசலுக்கும் வரம்பில்லை. மூன்று வருஷத்துக்குச் சேர்த்துக் கட்டினால் பாதி விலை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாடு முடிந்து எல்லோரும் கூடத்தில் இருந்தபோது நோட்டை எடுத்து வாசித்தேன். கோமதி ஒரு முறத்தில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். நான் முடித்ததும் தலை நிமிர்ந்தாள்.

"அக்கா, இதுல எவன் ஃபோன எடுப்பான்?"

"என்னது?"

"நாளப்பின்ன ஏதாவது ஆச்சுன்னா எவங்கிட்டப் போய் நிக்கிறது? நம்பரெல்லாம் எழுதி வச்சிருக்கீகள்ல, போட்டுப் பாப்பமே."

பூண்டுக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு போய் ஃபோனில் ஸ்பீக்கரை அமுக்கினாள். என் நோட்டைப் பார்த்துத்தான் நம்பர் போட்டாள். அமெரிக்கக் கம்பெனியில் பாட்டுப் பாடியது, பாடிக்கொண்டே இருந்தது. சென்னைக் கம்பெனியில் மணி அடித்து நின்றது. பெங்களூரில் அதுவும் இல்லை. நாலாவது மதுரையில் ஒரு சின்னக் கம்பெனி. என் கட்டத்தில் கடைசியில் இருந்தது. இரண்டாவது மணியில் ஒரு பெண் எடுத்து வணக்கம் சொன்னாள்.

"எனக்கு இதுல ஒரு எழவும் தெரியாது தாயி" என்றாள் கோமதி. "ஏலக்காக் கடைக்கு வெப்சைட்டாம், அதுக்கு எடம் வேணுமாம். எங்க அக்கா படிச்சிருக்காக, எனக்குத்தான் வெளங்கல. மொதல்ல இருந்து சொல்லு."

அந்தப் பெண் பத்து நிமிஷம் பேசினாள். கடைசியில் அவளுக்குச் சொந்த ஊர் ஆண்டிபட்டி என்பதும், அவள் வீட்டில் தறி ஓடுகிறது என்பதும், சேலை எடுக்க நேரே அங்கே வந்தால் கடையைவிடச் சகாயமாகக் கிடைக்கும் என்பதும்வரை கோமதி வாங்கிவிட்டாள். "அண்ணே, இது நல்லாருக்கே" என்றார் என் கொழுந்தனார்.

"ஞாயித்துக்கெழம மத்தியானம் ஃபோன எடுக்கிறவளுக்கு வேற சோலி இல்லன்னு அர்த்தம்" என்றேன்.

"அப்படிப் பாத்தா நம்ம கடைல பெரிய அத்தான் ஞாயித்துக்கெழமையும் எடுக்காகளே, அவுகளுக்கும் சோலி இல்லையா?" என்றாள் கோமதி.

என் கணவர் வாய்விட்டுச் சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். மூன்று வாரப் படிப்பை ஒரு முறம் பூண்டு உரிக்கிற நேரத்தில் கவிழ்த்துவிட்டாள். அதைக்கூடப் பொறுத்திருப்பேன். கவிழ்த்தது அவளுக்கே தெரியாமல், மறுபடி பூண்டு உரிக்க உட்கார்ந்துவிட்டதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

ஒரு வாரம் முடிவு வரவில்லை. நான் சமையலறையில் யாரோடும் பேசவில்லை. கடைசியில் என் கணவர் சொன்னார்: "உன் பேச்சக் கேட்டா தம்பி மொகம் வாடிரும். அவ பேச்சக் கேட்டா நீ ஆறு மாசம் மொகத்தத் தூக்கி வச்சுக்கிருவ. சாமிகிட்டப் பூக் கேட்டுருவோம்."

எங்கள் குலதெய்வம் கோயில் மயிலாடும்பாறை போகிற வழியில் இருக்கிறது. கல்யாணம், தோட்டம் வாங்குவது, ஆப்பரேஷன் எதுவானாலும் அங்கே பூக் கேட்காமல் எங்கள் வீட்டில் செய்வதில்லை. வெள்ளைப் பூவும் சிவப்புப் பூவும் தனித்தனியாக வாழையிலைத் துண்டில் மடித்து, நார் போட்டுக் கட்டி, அம்மன் முன்னால் போடுவார்கள். சன்னிதியில் நிற்கும் ஏதாவது ஒரு குழந்தையைக் கூப்பிட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். எடுக்காத பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்கக்கூடாது. ஓடுகிற தண்ணீரில் விட்டுவிட வேண்டும். வெப்சைட்டுக்குப் பூக் கேட்டது அந்தக் கோயிலில் நாங்கள் மட்டுமாகத்தான் இருப்போம். பூசாரி என்ன காரியம் என்று கேட்டபோது, "எடம் வாங்குற விசயம்" என்று என் கணவர் சொல்லிவைத்தார். வெள்ளை வந்தால் அமெரிக்கா. சிவப்பு வந்தால் மதுரை.

பொட்டலம் எப்போதும் நான்தான் கட்டுவேன். வீட்டிலேயே பக்தி உள்ளவள் என்று அந்த வேலை எனக்கு வந்திருந்தது. கோயில் பின்புறம் அரளிச் செடி இருக்கிறது, வெள்ளையும் சிவப்பும். பறித்துக்கொண்டு தூண் மறைவில் உட்கார்ந்தேன். இரண்டு பொட்டலத்திலும் வெள்ளையை வைத்துக் கட்டினேன்.

கை நடுங்கியது என்றோ, அம்மன் பார்ப்பதாகத் தோன்றியது என்றோ எழுதினால் அது பொய். சுருக்காக, நேர்த்தியாகக் கட்டினேன். சிவப்புப் பூவைச் செடிக்கு அடியில் போட்டு மண்ணைத் தள்ளினேன். இந்த ஒரு தடவை கோமதி ஜெயித்துவிட்டால், இனி எந்தக் காரியத்துக்கும் என்னைக் கேட்க மாட்டார்கள் என்பது மட்டும்தான் அப்போது மனதில் இருந்தது.

ஒரு பெண் குழந்தை எடுத்தது. பூசாரி பிரித்தார். வெள்ளை. என் கணவருக்கு நிம்மதியில் கண் கலங்கிவிட்டது. "அம்மனே சொல்லியாச்சு" என்றார். எனக்கு மற்றப் பொட்டலம்தான் கண்ணில் நின்றது. நான் எடுப்பதற்குள் கோமதி தட்டிலிருந்து அதை எடுத்துக்கொண்டு, "நான் போய் ஆத்துல விட்டுட்டு வாரேன்க்கா, நீங்க அர்ச்சனையப் பாருங்க" என்று இறங்கிப் போய்விட்டாள். அர்ச்சனையில் ஒரு வார்த்தை என் காதில் விழவில்லை. ஈரக் கையை உதறிக்கொண்டு வந்தாள். முகத்தில் ஒன்றும் இல்லை. பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கினாள்.

அமெரிக்கக் கம்பெனியில் மூன்று வருஷத்துக்கு வாங்கினோம். நன்றாகத்தான் இருந்தது. இத்தனை தாராளமான இடத்தைச் சும்மா விடக்கூடாது என்று, தினமும் வந்த காயை எல்லாம் படம் பிடித்து அப்படியே போடச் சொன்னேன். கடைக்கு வரும் மெயிலைப் பிரவுசிங் சென்டரில் தாளில் எடுத்துவந்து என்னிடம் கொடுப்பது அப்போது வழக்கம். ஏலக்காய் கேட்டு வருகிற மெயிலை மட்டும் எடுத்தால் போதும், மற்றதற்குத் தாளை வீணாக்காதீர்கள் என்றும் நான்தான் சொல்லியிருந்தேன். கம்பெனிக்காரன் நாலு தடவை எச்சரிக்கை அனுப்பியிருக்கிறான். அதில் ஏலக்காய் என்ற வார்த்தை இல்லாததால் நாலும் எங்களுக்கு வந்து சேரவில்லை.

ரம்ஜான் நோன்புக்கு முந்தின மாதம் அது. துபாயில் இருந்து ஒரு வியாபாரி ஃபோன் போட்டு, கடையை மூடிவிட்டீர்களா என்று கேட்டார். பார்த்தால் சைட் இல்லை. மெயிலும் இல்லை. சாயங்காலம் அமெரிக்காவில் விடிகிற நேரம் பார்த்து நான் கம்பெனிக்கு ஃபோன் போட்டேன். சொல்லவேண்டியதை இங்கிலீஷில் எழுதிவைத்திருந்தேன். மொத்தக் குடும்பமும் சுற்றி நின்றது. ஸ்பீக்கரில் கெவின் என்று ஒருவர் எடுத்தார். நான் எழுதியதை வாசித்தேன். அவர் திருப்பிக் கேட்டது ஒன்றும் பிடிபடவில்லை. எஸ் என்றேன். மறுபடி என்னவோ கேட்டார். மறுபடியும் எஸ் என்றேன். வீட்டில் எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கும்போது, புரியவில்லை என்று சொல்ல எனக்கு வரவில்லை.

கோமதி கிட்டே வந்தாள். "அக்கா, இவரு பேச்சு எங்கயோ கேட்ட பேச்சா இருக்கே" என்று ரிசீவர் பக்கம் குனிந்து, "சாரே, மலையாளி ஆணோ?" என்றாள்.

சொந்த ஊர் எது என்று விடாமல் கேட்டாள்.

"நாட்டில் எவிடெயா?"

"சேச்சி" என்றது குரல், ரொம்பத் தணிந்து. "இவிடெ மலையாளம் பறயான் பாடில்ல." அங்கே மலையாளம் பேசக்கூடாதாம்.

"ஆரும் கேக்கில்ல. பறஞ்ஞோ." யார் காதிலும் விழாது, பேசு என்கிறாள்.

அவர் அமெரிக்காவில் இல்லை. பெங்களூரில் எங்கேயோ உட்கார்ந்திருந்தார். கோட்டயம் பக்கத்துக்காரர். அம்மா வீட்டில் ஏலத்தோட்டம் உண்டாம். படங்கள் ரொம்பப் பெரியவை, ஒரே கூரைக்குக் கீழே இருக்கிற மற்றக் கடைக்காரர்களின் சைட்டுக்கும் அதனால் இடைஞ்சல், அன்லிமிடெட் என்றாலும் கீழே சின்ன எழுத்தில் அதற்கு ஒரு கட்டுப்பாடு உண்டு என்று அவளுக்குப் பொறுமையாகச் சொன்னார். படத்தைச் சுருக்கிப் போடுவதாகக் கோமதி அம்மா மேல் ஆணையாகச் சொன்னாள். அரைமணி நேரத்தில் சைட் வந்துவிட்டது. ஃபோனை வைப்பதற்கு முன்னால் அவருடைய அம்மாவின் முழங்கால் வலிக்கு ஒரு எண்ணெயும் சொல்லி முடித்தாள்.

"கோமதி இல்லேன்னா இன்னைக்கு நாறியிருக்கும்" என்றார் என் கணவர். நான் தேர்ந்தெடுத்த கம்பெனி, நான் போட்ட ஃபோன். சின்ன எழுத்தைப் படிக்காமல் விட்டதும் நான்தான், ஆனால் அது அப்போது யாருக்கும் தெரியாது. அன்று இரண்டு தோசை குறைவாகச் சாப்பிட்டேன். யாரும் கவனிக்கவில்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அண்ணன் தம்பி பாகம் பிரிந்தார்கள். சண்டை ஒன்றும் இல்லை. சின்னவர் கம்பத்தில் கடை போட்டார். சாமான் பிரித்த அன்று நானும் கோமதியும் அடுப்படியில் உட்கார்ந்து பாத்திரங்களை ஒதுக்கிக்கொண்டிருந்தோம். ஒரு பித்தளை அண்டாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டே சொன்னாள்:

"அக்கா, நாஞ் சொன்ன மதுரைக் கம்பெனிய இழுத்துப் பூட்டிட்டுப் போயிட்டாகளாம். அந்தப் புள்ளதான் ஃபோன் போட்டுச் சொல்லுச்சு. அங்கன இடம் வாங்கியிருந்தவுக சைட்டெல்லாம் போன எடம் தெரியலயாம்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. என் கட்டம்தான் சரி. ஆறுதலாக ஏதாவது சொல்லவேண்டும் என்று வாயைத் திறந்தேன்.

"நல்லவேளை, நீங்க ரெண்டுலயும் வெள்ளைய வச்சீக" என்றாள்.

கையில் இருந்த கரண்டியை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. "பிரிச்சுப் பாத்தியா?" என்றேன்.

"நான் எங்கேக்கா பிரிச்சேன். தண்ணியில விட்டேன், எல தானா விரிஞ்சிருச்சு. வெள்ளப்பூ பாட்டுக்கு மெதந்து போகுது."

"அப்பவே ஏன் சொல்லல?"

"சொல்லி? பெரிய அத்தான் உங்களப் பாக்குற பார்வையே மாறிப் போகும். எனக்கு என்ன கெடைக்கப் போகுது அதுல?" என்றவள், சிரிப்பை அடக்கமாட்டாமல், "அதோட, பொட்டலம் கட்டுற வேலைய எங்கிட்டக் குடுத்திருந்தா நான் ரெண்டுலயும் செவப்பத்தான் வச்சிருப்பேன். குடுக்கலயே நீங்க" என்றாள்.

நான் சிரிக்கவில்லை. அவள் கொஞ்சம் தணிந்து, "விடுங்கக்கா. நீங்க அப்படிச் செய்யலேன்னா நாம அந்த மதுரைல மாட்டியிருப்போம். அம்மன்தான் உங்க கையால செய்ய வச்சிருக்கா" என்றாள்.

"அம்மன் என் கைய வச்சுப் பொய் சொல்ல மாட்டா" என்றேன். "அது நான் செஞ்சது."

"சரி, நீங்க செஞ்சதாவே இருக்கட்டும். அந்த இட்லிச் சட்டி எனக்கா உங்களுக்கா?"

அவள் என்னை மன்னித்தாளா என்றே தெரியவில்லை. மன்னிக்கிற அளவுக்கு அதை அவள் பெரிதாக நினைக்கவில்லை. எனக்கு இரண்டு வருஷம் தூக்கத்தைக் கெடுத்த ஒன்று, அவளுக்கு இட்லிச் சட்டிக்கு முந்தின பேச்சாக இருந்தது. அவள் புருஷனிடம்கூடச் சொல்லவில்லை என்பது பிறகு தெரிந்தது. சொல்லியிருந்தால் எனக்கு அவள் மேல் கோபப்பட ஒரு காரணமாவது கிடைத்திருக்கும். அதையும் அவள் தரவில்லை. இட்லிச் சட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு போனாள்.

கருமாதி முடிந்து வந்த வாரம், நடுவில் ஒரு தடவை நீட்டியிருந்த ஹோஸ்டிங்கை மறுபடி புதுப்பிக்கிற தேதி வந்தது. பழைய கம்பெனி விலையை ஏற்றியிருந்தான். வேறு இரண்டு கம்பெனிகளின் பிளான்களை எடுத்து நோட்டில் கட்டம் போட்டேன். இந்தத் தடவை சின்ன எழுத்தையும் படித்தேன். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தன. என் கணவர் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "வேணும்னா மொத தடவ மாதிரி பூக் கேட்டுருவமா?" என்றார். பாதி விளையாட்டாகத்தான் கேட்டார். எதிர்த்துப் பேச வீட்டில் ஆள் இல்லை. நான் ஒன்றைக் காட்டிச் சரி என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும்.

"வேண்டாம்" என்றேன். தூண் மறைவில் உட்கார்ந்ததிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

நோட்டை மூடி வைத்தார். "அப்ப அது அம்மன் சொன்னதில்ல. நீ சொன்னது."

"ஆமா."

"எங்கிட்ட நேரா அடிச்சுச் சொல்லியிருந்தா நான் கேட்டிருக்க மாட்டனா?"

"கேட்டிருக்க மாட்டீக. தம்பி மொகத்தத்தான் பாத்திருப்பீக."

"கோமதிக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டார். தெரியும் என்றேன். எழுந்து கடைக்குப் போய்விட்டார். மறுநாள் நான் கூட்டிச் சரி பார்த்து அனுப்பிய கணக்கை, பேரேட்டில் ஏற்றுவதற்கு முன்னால் அவர் இன்னொரு தடவை கூட்டிப் பார்த்திருக்கிறார். ஓரத்தில் பென்சில் குறி இருந்தது. இருபத்துநாலு வருஷத்தில் முதல் தடவை. இன்றுவரை கூட்டிப் பார்க்கிறார். பார்க்கட்டும். அவர் படிப்பதற்கு முன்னால் உங்களுக்கு இதை அனுப்பவில்லை. படித்துவிட்டு, "அச்சுல வரணுமா?" என்றார். வரட்டும் என்றேன். ஹோஸ்டிங்கை நீயே பார், ஆனால் நாலு பேரைக் கேட்டுச் செய் என்று சொல்லிவிட்டுப் போனார்.

கோமதி எனக்கு எதுவும் கற்றுக்கொடுத்ததில்லை. அதற்கு நான் இடம் கொடுத்ததும் இல்லை. ஆனால் நானாகப் படித்தவளுக்கு இருக்கிற ஒரு நோய் எனக்கு உண்டு. தெரியாது என்று சொன்னால், படித்தது எல்லாம் இல்லை என்று ஆகிவிடும் என்கிற பயம். அவளுக்கு அது இல்லவே இல்லை. யாரிடமும், எந்த நேரத்திலும் தெரியாது என்பாள். சொன்ன மாத்திரத்தில் எதிரே இருக்கிற ஆள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவளுக்குச் சொல்ல ஆரம்பித்துவிடுவார். அதைத்தான் நான் வருஷக்கணக்காகப் பொறாமையோடு பார்த்துக்கொண்டிருந்தேன் என்பது அவள் போன பிறகுதான் எனக்குப் பிடிபட்டது.

நேற்று மத்தியானம் அந்த இரண்டு கம்பெனிகளில் ஒன்றுக்கு ஃபோன் போட்டேன். ஒரு பெண் எடுத்தாள். கேட்கவேண்டியதைத் தாளில் எழுதிவைத்திருந்தேன். அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "எனக்கு இது முழுசாத் தெரியாதும்மா, நீ சொல்லு" என்றேன். கோமதியிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது இந்த ஒன்றுதான். அவள் வாயில் வழுக்கிக்கொண்டு வருவது எனக்கு நாற்பத்தாறு வயதில் தொண்டையைச் செருமிக்கொண்டு வந்தது. அந்தப் பெண் மரியாதையாக, ஒவ்வொன்றாக, கால் மணி நேரம் சொன்னாள். எல்லாம் குறித்துக்கொண்டேன். ஃபோனை வைத்த பிறகும் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். கேட்டது கோமதியாக இருந்தால் அந்தப் பெண் இன்னும் கொஞ்சம் சேர்த்துச் சொல்லியிருப்பாள்.